ஒரு சொல்லின் வழக்கு

முதுகலைத் தமிழ் வகுப்பில் ‘இலக்கியக் கோட்பாடுகள்’ என்னும் தாளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒருநாள் பிற்பகல், அமைப்பியலை முடித்துப் பின்னமைப்பியலைத் தொடங்கியிருந்தேன். இளங்கலையில் விலங்கியல் படித்துவிட்டுத் தமிழ்மீது கொண்ட பற்றினால் எங்கள் துறைக்கு வந்து சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, ஒரு கோட்பாட்டை இன்னொரு கோட்பாடு மறுக்கிறது, நமக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டு பிரதியை வாசிக்கலாம் என்கிறீர்கள். அப்படியென்றால் டார்வின் கோட்பாடும் அவ்வளவுதானா?” என்று கேட்டார். மணியடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. “ஏறக்குறைய அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த விடை தவறானது. அது தவறென்று நான் உணர்ந்தபோது அம்மாணவர் முதுகலையும் ஆசிரியர் பயிற்சியும் முடித்து, ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தார். மணியடிக்கும் அவசரத்தில் நான் உதிர்த்த ஒரு சொல் அவர் வழியாக ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகளைச் சென்றடைகிறதோ என்ற எண்ணம் என்னைவிட்டு அகலவில்லை. நான் செய்த அதே பிழையை அமெரிக்காவில் இரண்டு ஊர்களின் கல்விக்குழுக்கள் திட்டமிட்டே செய்தன. அது நீதிமன்றம் வரை சென்றது. அவ்வரலாற்றைப் படித்தபோதுதான் என் விடையின் பொருள் எனக்கே விளங்கியது. அதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘தியரி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் ‘தியோரியா’ என்னும் கிரேக்கச் சொல். காணுதல், கூர்ந்து நோக்குதல் என்பது அதன் பொருள். ‘தியேட்டர்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். காலப்போக்கில் ஆங்கிலப் பேச்சுவழக்கில் அச்சொல் ‘ஊகம்’ என்னும் பொருளுக்குத் தேய்ந்துவிட்டது. துப்பறியும் படத்தில் வரும் காவல் அதிகாரி தம்மிடம் ஒரு தியரி இருப்பதாகச் சொன்னால், அவரிடம் சான்று எதுவும் இல்லை என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

தமிழில் நிகழ்ந்தது வேறு. நாம் பயன்படுத்தும் ‘கோட்பாடு’, ‘கொள்கை’ ஆகிய இரண்டும் ‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்தவை. கொள்ளப்படுவது எதுவோ அது கோட்பாடு. கட்சிக்கும் கொள்கை உண்டு. சமயத்துக்கும் கோட்பாடு உண்டு. ‘அவரவர் கொள்கை அவரவருக்கு’ என்று சொல்லி ஒரு விவாதத்தை நாகரிகமாக முடித்து வைக்கலாம். ஆகவே ஆங்கிலேயன் காதில் ஊகமாக ஒலிக்கும் சொல், நம் காதில் பற்றாக ஒலிக்கிறது. கல்லூரியிலோ அதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு. ‘தியரி’ என்றால் எழுத்துத் தேர்வு. ‘பிராக்டிகல்’ என்றால் கையால் செய்வது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை வைத்துக்கொண்டு நாம் தியரியை எடைபோடுகிறோம். ஊகம், பற்று, ஏட்டறிவு என்ற இம்மூன்றில் எதுவும் அறிவியலார் சொல்லும் பொருள் அன்று.

அறிவியலில் கோட்பாடு என்பது விளக்கம். இயற்கையின் ஒரு பகுதியில் காணப்படும் பல்வேறு உண்மைகளை ஒன்றாகக் கோத்து, அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று சொல்வது. இன்னும் காணப்படாத ஒன்றை முன்கூட்டிச் சொல்வது. அது பொய்க்குமா என்று மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டு நிற்பது. சோதனைக்கு முன் முன்வைக்கப்படும் கருத்துக்குத் தமிழில் ‘கருதுகோள்’ என்ற நல்ல சொல் உண்டு. ‘ஊகம்’ என்று இகழ விரும்புவோர் அதைக்கூட அப்படி இகழ முடியாது. ஏனெனில் கருதுகோளும் சோதனைக்கு ஆட்படும் வகையில் அமைக்கப்படுவதே.

இந்தச் சொற்குழப்பத்துக்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. 1925 ஜூலையில் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமத்தை வகுப்பில் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. அவருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1927இல் மாநில உயர்நிலை நீதிமன்றம் ஒரு நடைமுறைப் பிழையைக் காட்டி அத்தீர்ப்பை நீக்கியது. அவ்வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் மூன்று முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட தலைவர்; பெரும் சொற்பொழிவாளர். கருதுகோள் என்பது ஊகத்துக்கு அறிவியலார் சூட்டிக்கொண்ட கௌரவப் பெயர் என்ற கருத்தை அவர் வழக்குக்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பரப்பி வந்தார். 1980 ஆகஸ்டில் டல்லாஸ் நகரில் சமயப் போதகர்களின் கூட்டத்தில் பேசிய ரொனால்டு ரீகன், பரிணாமம் என்பது ஓர் அறிவியல் கோட்பாடு மட்டுமே என்றார். அந்த ‘மட்டுமே’யில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. அறிவியல் ஒரு விளக்கத்துக்கு அளிக்கக்கூடிய மிக உயர்ந்த தகுதியை அவர் ஒரு குறைபாடாகச் சுட்டினார்.

2002இல் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரை அடுத்த காப் கவுண்டியின் பள்ளிகளில் புதிய உயிரியல் பாடநூல்கள் வந்தன. அவற்றில் பரிணாமம் விரிவாக இடம்பெற்றிருந்தது. 2,000க்கும் மேற்பட்ட பெற்றோர் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். கல்விக்குழு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு நூலிலும் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டியது. பரிணாமம் என்பது உயிரினங்களின் தோற்றம் குறித்த ஒரு கோட்பாடு, அது உண்மை அன்று, அதைத் திறந்த மனத்தோடு ஆராய்ந்து படிக்க வேண்டும் என்பது அத்தாளின் சாரம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் குற்றம் காண இயலாது. திறந்த மனத்தோடு படிக்கச் சொல்வதில் என்ன தவறு? ஆனால் இயற்பியல் நூலில் ஈர்ப்புக் கோட்பாட்டுக்கும் வேதியியல் நூலில் அணுக் கோட்பாட்டுக்கும் இப்படி ஒரு தாள் ஒட்டப்படவில்லை. திறந்த மனம் ஓர் அதிகாரத்துக்கு மட்டும் தேவைப்பட்டது. சில பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2005 ஜனவரி 13 அன்று நீதிபதி கிளாரன்ஸ் கூப்பர் தாள்களை அகற்ற ஆணையிட்டார். ‘கோட்பாடு’ என்ற சொல்லின் பேச்சுவழக்குப் பொருளை வைத்து அத்தாள் விளையாடுகிறது என்பது அவர் எடுத்துக்காட்டிய காரணங்களுள் ஒன்று. 30,000க்கும் மேற்பட்ட நூல்களிலிருந்து தாள்களைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சான்றுப் பதிவுகள் நிறைவாக இல்லை என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அவ்வாண்டு டிசம்பரில் கல்விக்குழு அத்தகைய தாள்களை இனி ஒட்டுவதில்லை என்று உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டது.

அதற்குள் இன்னொரு ஊரில் இதைவிடப் பெரிய வழக்கு முடிந்திருந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் ஒரு சிறிய ஊர். 2004 அக்டோபர் 18 அன்று அவ்வூர்க் கல்விக்குழு ஆறுக்கு மூன்று என்ற வாக்குக் கணக்கில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன்படி ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு உயிரியல் பாடத்தில் பரிணாமத்தைத் தொடங்கும் முன் ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட வேண்டும். டார்வின் கோட்பாடு ஒரு கோட்பாடாக இருப்பதால் அது இன்னும் சோதிக்கப்பட்டு வருகிறது, அது உண்மை அன்று, அதில் இடைவெளிகள் உள்ளன, ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற மாற்று விளக்கமும் உண்டு என்பது அந்த அறிவிப்பு. உயிர்களை ஓர் அறிவாற்றல் திட்டமிட்டு வடிவமைத்தது என்பதே அந்த மாற்று விளக்கத்தின் சாரம்.

உயிரியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்துவிட்டார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வேலைக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தும், ஒரு சொல்லைத் தவறான பொருளில் மாணவருக்குச் சொல்ல மாட்டோம் என்று ஒரு சிற்றூரின் பள்ளி ஆசிரியர்கள் நின்றிருக்கிறார்கள். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நான் தானாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

பதினொரு பெற்றோர் தொடுத்த வழக்கு 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை ஹாரிஸ்பர்க் நகரில் நடந்தது. பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி கென்னத் மில்லர் என்ற உயிரியலாளர். காப் கவுண்டியில் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்ட நூல்களுள் ஒன்றை எழுதிய ஆசிரியர்களுள் ஒருவர். டோவர் பள்ளிக்கு உரிய பாடநூலும் அவர் பங்கு கொண்டு எழுதியதே. அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர் என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வழக்கைக் கடவுள் நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான போராகப் பார்ப்பது எளிது. ஆனால் அப்பிரிவினை அங்கே அவ்வளவு தெளிவாக இல்லை.

எதிர்த்தரப்பின் முதன்மைச் சாட்சி மைக்கேல் பீஹி, அதே மாநிலத்தின் லீஹை பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். அக்டோபர் 18 அன்று நடந்த குறுக்கு விசாரணையில் பெற்றோர் தரப்பு வழக்கறிஞர் எரிக் ராத்ஸ்சைல்டு அவரிடம் ‘கோட்பாடு’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டார். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் தரும் வரையறை, நன்கு சான்றளிக்கப்பட்ட விளக்கமே கோட்பாடு என்கிறது. அறிவார்ந்த வடிவமைப்பு அந்த வரையறைக்குள் அடங்காது என்பதால் பீஹி அதைவிடத் தளர்வான வரையறை ஒன்றைக் கைக்கொண்டிருந்தார். அப்படியானால் உங்கள் வரையறையின்படி சோதிடமும் ஓர் அறிவியல் கோட்பாடு ஆகுமா என்று வழக்கறிஞர் கேட்டார். ஆகும் என்று பீஹி ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஒரு சொல்லின் வேலியைத் தளர்த்தினால் எதெல்லாம் உள்ளே வரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. டார்வினை வெளியே தள்ளுவதற்காக ‘கோட்பாடு’ என்பதைச் சிறுமைப்படுத்தினார்கள். தம் கருத்தை உள்ளே கொண்டுவருவதற்காக அதே சொல்லை அகலப்படுத்தினார்கள். ஒரே அறிவிப்பில் ஒரு சொல் இரு வேறு பொருள்களைச் சுமந்தது. 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அன்று என்றும், அறிவிப்பு மாணவரிடம் பரிணாமத்தின் தகுதியைத் திரித்துக் காட்டுகிறது என்றும் முடிவு கூறினார். தீர்ப்பு வருமுன்பே, நவம்பரில் நடந்த தேர்தலில், போட்டியிட்ட பழைய கல்விக்குழு உறுப்பினர் எண்மரும் தோற்றிருந்தார்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே, அதே பென்சில்வேனியாவோடு தொடர்புடைய இன்னொரு கதையும் அந்த ஆண்டுகளில் நடந்துகொண்டிருந்தது. நீல் ஷூபின், டெட் டேஷ்லர் என்ற இரு தொல்லுயிரியலாளர்கள் அம்மாநிலத்தில் நெடுஞ்சாலை அமைக்க வெட்டிய பாறைச் சரிவுகளில் பல ஆண்டுகள் புதைபடிவங்களைத் தேடினார்கள். 1993இல் ஏறத்தாழ 36.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு நாற்கால் விலங்கின் எலும்பு அங்கே கிடைத்தது. ஆனால் அவர்கள் தேடியது அதற்கும் முந்தைய ஒன்றை. 38 கோடி ஆண்டுப் பாறைகளில் மீன்கள் உள்ளன, 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் நான்கு காலுள்ள விலங்குகள் உள்ளன. பரிணாமக் கோட்பாடு சரியானால், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்துப் பாறையில், ஆழம் குறைந்த நன்னீர் இருந்த இடத்தில், பாதி மீனாகவும் பாதி நாற்கால் விலங்காகவும் உள்ள ஓர் உயிரி இருக்க வேண்டும். அத்தகைய பாறை கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் பகுதியின் எல்ஸ்மியர் தீவில் இருப்பதை அவர்கள் நிலவியல் வரைபடங்களில் கண்டார்கள். 1999 முதல் கோடைக்காலங்களில் அப்பகுதிக்குச் செல்லத் தொடங்கினார்கள்.

2004 ஜூலையில் அது கிடைத்தது. செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை; தட்டையான தலையும் தனியே திரும்பும் கழுத்தும் துடுப்புக்குள் மணிக்கட்டை ஒத்த எலும்புகளும் மீனுக்கு உரியவை அல்ல. வயது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டு. நூனவுட் பகுதி முதியோர் தங்கள் மொழியில் அதற்கு ‘டிக்டாலிக்’ என்று பெயரிட்டனர். பெரிய நன்னீர் மீன் என்று பொருள். டோவர் கல்விக்குழு பரிணாமத்தில் இடைவெளிகள் உள்ளன என்று வாக்களித்ததற்கு மூன்று மாதம் முன்பே, அந்த இடைவெளிகளுள் ஒன்றுக்கு உரிய எலும்பு பாறையிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. 2006 ஏப்ரலில் அச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

வெறும் ஊகம் இதைச் செய்யாது. எந்த வயதுப் பாறையில், எவ்வகை நீர்நிலையின் படிவில் தேட வேண்டும் என்று சொல்லி, அங்கே தோண்டினால் கிடைக்கவும் செய்கிற ஒன்றை ஏட்டுச் சுரைக்காய் என்று எப்படி அழைப்பது?

ஆனால் கதையை இத்துடன் நிறுத்தினால் நானும் ஒருவகை அறிவிப்பை வாசித்தவன் ஆவேன். 2010இல் போலந்து நாட்டின் சாக்கெல்மியே என்ற இடத்தில் பாறையில் பதிந்த தடங்கள் வெளியிடப்பட்டன. அவை நாற்கால் விலங்கின் அடிச்சுவடுகள் என்றும், 39 கோடி ஆண்டுகள் பழமையானவை என்றும் ஆய்வாளர்கள் கூறினர். அதாவது டிக்டாலிக்கைவிட மூத்தவை. அத்தடங்கள் எவற்றுக்குரியவை என்பதில் பின்னர் மாற்றுக் கருத்துகளும் எழுந்தன. அவை அடிச்சுவடுகளே எனில் டிக்டாலிக் நமக்கு நேர் முன்னோர் ஆகாது. முன்னோரின் வடிவத்தைத் தாங்கி நெடுங்காலம் வாழ்ந்த ஒரு கிளையுறவு ஆகும். நீரிலிருந்து நிலத்துக்கு வந்த காலக்கணக்கும் பின்னோக்கி நகரும். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் அறிவியலாரே. விவரங்கள் திருத்தப்படுகின்றன, உயிர்கள் பொது மூதாதையரிடமிருந்து கிளைத்தன என்ற விளக்கம் அதனால் அசையவில்லை. முயலின் புதைபடிவம் கேம்பிரியக் காலத்துக்கு முந்தைய பாறையில் கிடைத்தால் அது அசையும் என்று ஹால்டேன் கூறியதாகச் சொல்வார்கள். இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். அப்படி ஒரு முயல் இதுவரை கிடைக்கவில்லை.

இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடையே பரவலாக உண்டு. கருதுகோள் வளர்ந்து கோட்பாடாகிறது, கோட்பாடு வளர்ந்து விதியாகிறது, பரிணாமம் இன்னும் விதியாகப் பதவி உயர்வு பெறவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அரசு அலுவலகப் படிநிலையை நாம் அறிவியலுக்கும் பொருத்திவிடுகிறோம். தமிழில் ‘விதி’ என்ற சொல்லுக்கு ஊழ் என்ற பொருளும் சேர்ந்திருப்பதால் அதற்கு மாற்ற முடியாத ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. உண்மையில் விதியும் கோட்பாடும் வெவ்வேறு வேலை செய்பவை. கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்பதை 1609இலும் 1619இலும் கெப்ளர் வெளியிட்ட விதிகள் சொல்கின்றன. ஏன் அப்படிச் சுற்றுகின்றன என்பதை 1687இல் நியூட்டன் விளக்கினார். நியூட்டனின் ஈர்ப்பு ‘விதி’யால் புதன் கோளின் பாதையில் நூறாண்டுக்கு 43 வில்விநாடி அளவு நேரும் விலகலை விளக்க முடியவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் ‘கோட்பாடு’ அதை விளக்கியது. விதியைக் கோட்பாடு திருத்தியது. நம் கைப்பேசி வழிகாட்டும்போது அதற்கு நேரம் சொல்லும் செயற்கைக்கோள் கடிகாரங்கள், ஐன்ஸ்டைனின் கோட்பாடுகள் சொன்னபடியே, நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோவிநாடி முந்தி ஓடுகின்றன. அதைச் சரிசெய்யாவிட்டால் ஒரே நாளில் இடக்கணக்கு பல கிலோமீட்டர் பிசகும்.

இதெல்லாம் அமெரிக்காவின் சிக்கல் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2018 ஜனவரியில் அன்றைய ஒன்றிய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்படி தவறு என்றும், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்றும் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் ஒன்றுசேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2022-23ஆம் கல்வியாண்டில் பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்ற பாடம் ‘மரபுவழி’ என்று சுருங்கியது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் அதை எதிர்த்துத் திறந்த மடல் எழுதினர். பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் உண்டு என்பது உண்மையே. ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியல் எடுக்காத பிள்ளைகளே மிகுதி. அவர்கள் அதைப் படிக்கவே போவதில்லை.

‘யாரும் பார்த்ததில்லை’ என்ற வாதம் என்னைச் சற்று நேரம் யோசிக்க வைத்தது. தமிழின் பழைய ஓலைச்சுவடி ஒன்றைப் பல படிகளாகப் பிரதி செய்தவர்களையும் நாம் யாரும் பார்த்ததில்லை. ஆனால் இரு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை ஒரே மூலச் சுவடியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பதிப்பாசிரியர் துணிகிறார். சுவடிப் பதிப்பியலை வகுப்பில் நடத்தும் நான் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். பொதுப் பிழைகளைக் கொண்டு பொது மூலத்தை அறியும் இதே வழியைத்தான் உயிரியலார் மரபணுக்களிலும் கையாளுகிறார்கள். மாணவர் கேட்ட அன்று இந்த ஓர் உவமையாவது எனக்குத் தோன்றியிருக்கலாம்.

சென்ற மாதம் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பழைய கேள்வியை நினைவூட்டி, என் விடை தவறு என்று சொன்னேன். அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது. “ஐயா சொன்னதைத்தான் பிள்ளைகளுக்கும் சொல்லி வந்தேன்” என்றார். பிறகு சிறிது தயங்கி, “அப்படியானால் இலக்கியக் கோட்பாட்டை இனி என்னவென்று அழைப்பது?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. இரண்டையும் கோட்பாடு என்றே அழைக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. சொல்லை மாற்ற நம்மால் ஆகாது. ஒவ்வொரு முறையும் பொருளைச் சொல்லலாம்.

வரும் பருவத்தில் அந்தத் தாளின் முதல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதப் போகிறேன்: ‘இக்கோட்பாடு தவறென்றால், எதைக் கண்டு நாம் அதை அறிவோம்?’ பின்னமைப்பியலிடம் இக்கேள்வியைக் கேட்டால் என்ன விடை வரும், டார்வினிடம் கேட்டால் என்ன விடை வரும் என்று மாணவர்களே சொல்லட்டும். அன்று மணியடித்தாலும் வகுப்பைவிட்டு வெளியேறுவதாக இல்லை.